விமானப்படைக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம்

வேனிலிருந்து பூக்கூடையும் கையுமாக இறங்கிய அறிவழகன், அரியலூர் கல்யாண மண்டபத்து வாசலில் தன்னையே பார்த்தார். மண்டபத்து மாடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தார். தலை அவருடையதுதான். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது எடுத்த போட்டோவிலிருந்து வெட்டிய தலை, நெற்றியில் விபூதிகூட அப்படியே இருந்தது. கழுத்துக்குக் கீழே இருந்தவன் யாரோ. அகன்ற தோள், நெஞ்சில் வரிசையாகப் பதக்கங்கள், அதற்கு மேலே விமானிகள் குத்திக்கொள்ளும் சிறகு, கக்கத்தில் ஒரு ஹெல்மெட். பின்னால் இரண்டு போர் விமானங்கள் புகை கக்கிக்கொண்டு பறந்தன. பக்கத்தில் அதே உயரத்தில், சொந்தச் சீருடையில் சொந்தப் பதக்கங்களோடு, ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் கலையரசன் நின்றார். கீழே, 'வானத்தை ஆண்ட இரட்டைச் சிங்கங்களே, வருக வருக' என்று போட்டு, உடையார்பாளையம் இளையபெருமாள் குடும்பத்தார் பெயரும் போட்டிருந்தது.

அறிவழகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூக்கூடை கையை விட்டு நழுவியதைப் பின்னால் இறங்கிய அவர் மனைவி சுமதிதான் பிடித்தாள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்திலும் ஈயாடவில்லை.

காரணம் இருக்கிறது. அறிவழகன் வாழ்நாளில் விமானம் ஓட்டியதில்லை, விமானம் பழுது பார்த்ததும் இல்லை. விமானம் ஓட்டியவரின் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டார், சப்பாத்தி சுட்டார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். இந்த விஷயம் சொந்த ஊரான விக்கிரமங்கலத்தில் அவருக்கும் சுமதிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் ஒரே மகள் நர்மதாவுக்கே தெரியாது. அன்றைக்கு அவளுக்குத்தான் நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளையின் அப்பா இளையபெருமாள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல மனிதர். நிலபுலன் உள்ளவர், வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். எதையும் அளவாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லை. ஏர்போர்ஸ் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறேன் என்று உடையார்பாளையம் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"எப்புடி சம்பந்தி நம்ம ஏற்பாடு?" என்றார். "இதுமட்டும்னு நெனச்சுக்காதீங்க. நீங்க வாய்க்கு வாய் சொல்ற ஏர் மார்ஷல் சாரை, நானே செட்டிகுளம் போயி தாம்பூலம் வெச்சுக் கூப்ட்டுட்டு வந்துட்டேன். பத்து மணிக்கு வராரு. உங்ககிட்ட சொல்லாம வெச்சிருந்தேன், நீங்க அசந்து போவணும்னு."

அறிவழகன் அசந்துதான் போனார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. சம்பந்திக்கு சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை என்று இளையபெருமாள் பந்தி பார்க்கப் போய்விட்டார்.

இந்த வினை எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால், திருச்சியில் நடந்த ஓர் ஆளெடுப்பில் ஆரம்பித்தது. விக்கிரமங்கலத்தில் சோளமும் பருத்தியும் போடும் குடும்பத்துப் பையனாக அறிவழகன் அங்கே போய் வரிசையில் நின்றார். விமானத்தைத் தொடும் வேலை வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஓட்டத்தில் தேறினார், எழுத்தில் தேறவில்லை. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவரை ஒருவர் கூப்பிட்டு, மெஸ்ஸிலும் அதிகாரிகள் வீட்டிலும் வேலை பார்க்க வேறொரு வரிசை இருக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டார். உடுப்பு உண்டா என்று இவர் கேட்டார். உண்டு என்றார்கள். சேர்ந்துவிட்டார். இருபது வயதில் யாருக்கும் உடுப்பு போதும்.

முதல் லீவில் அந்த உடுப்போடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பிளேனில் உனக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். உருளைக்கிழங்கு தோல் உரிக்கிறேன் என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? எஞ்சின் பக்கம் என்று சொன்னார். ஒரே ஒரு பொய், சின்னப் பொய். ஆனால் சொல்லிவிட்டால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு லீவிலும் போட்டார்.

தீனிக்குக் குறைவில்லை. ஏனென்றால் அதற்குள் அவர் கலையரசன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். பெரம்பலூர் பக்கம் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்ட குடியானவரின் மகன் கலையரசன். படித்து, எழுதி, தேறி, போர் விமானம் ஓட்டும் அதிகாரியானவர். வடக்கே ஒரு தளத்தில் விங் கமாண்டராக இருந்தபோது, மெஸ்ஸில் விக்கிரமங்கலத்துப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, நம்ம ஊர்ப் பையன் என்று தன் வீட்டு வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்பினால்தான் செய்தார். அந்த அன்பு அறிவழகனை விமானத்திலிருந்து இன்னும் ஒரு மைல் தள்ளி வைத்தது என்று அப்போது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கலையரசனின் உயர்வு முழுவதையும் அறிவழகன் கையில் தட்டோடு நின்றபடி பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் நடக்கும் பேச்சில் பாதி விமானம், பாதி சண்டை. ஒரு விபத்துக்குப் பிறகு சண்டை அதிகமாயிற்று. ஒரு மெக்கானிக் வேலை முடிந்து கருவிகளை எண்ணும்போது ஒரு திருகுச்சாவி குறைந்திருக்கிறது. சொன்னால் தண்டனை என்று பயந்து வாயை மூடிக்கொண்டான். அது விமானத்துக்குள்ளேயே கிடந்து, கலையரசனின் கூட்டாளி ஒருவர் அந்த விமானத்தோடு போனார். கலையரசன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அறிவழகன் சூடு பண்ணிச் சூடு பண்ணி வைத்த சாப்பாட்டைக் கடைசியில் கொட்டத்தான் வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவர் ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டார். தன் தவறைத் தானே முதலில் சொல்கிறவனைத் தண்டிக்கக் கூடாது. பயம்தான் ஆளைக் கொல்கிறது. மேலதிகாரிகள் சிரித்தார்கள், பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்றார்கள், கோப்புகள் மட்டும் இருக்கிற ஓர் ஆபீசில் சில வருஷம் உட்கார வைத்தார்கள். அவர் விடவில்லை. திரும்பத் தளம் ஒன்று கைக்கு வந்ததும் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். காலையில் ஓடுபாதையில் கல்லும் ஆணியும் பொறுக்க ஆட்கள் வரிசையாக நடப்பார்களே, அந்த வரிசையில் அதிகாரிகளும் நடக்க வேண்டும் என்று சொல்லி, தானே முதல் ஆளாகக் குனிந்தார். விபத்து குறைந்தது. சிரித்தவர்களே அந்த ஏற்பாட்டைத் தங்கள் தளத்துக்கும் எடுத்துப்போனார்கள். கலையரசன் மேலே மேலே போனார். அறிவழகனுக்கு அவர்மேல் அப்படி ஒரு மதிப்பு. ஊருக்கு வந்தால் அந்தத் திருகுச்சாவிக் கதையைத் தன் கண்முன் நடந்ததாகவே சொல்லுவார்.

அப்புறம் ஒரு நாள், விருந்துக்கு வந்த அதிகாரிகளுக்கு அறிவழகன் பருப்பு பரிமாறிக்கொண்டிருந்தார். மேஜையில் இங்கிலீஷில் வாக்குவாதம். இத்தனை வருஷத்தில் அது அவருக்கு நன்றாகவே புரியும். உடுப்புப் போட்டவனை எந்த அதிகாரியும் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, என் கட்டுப்பாட்டில் உள்ள எல்லாத் தளத்திலும் இதை நிறுத்தப் போகிறேன் என்றார் கலையரசன். அப்படியானால் உங்கள் வீட்டில் இருக்கிற ஆள் என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார். முதலில் என் வீட்டிலிருந்துதான் என்றார் கலையரசன். இவ்வளவு பெரிய மனிதருக்கு, தினமும் கைக்குத் தானாக வந்த டீ டம்ளரைப் பிடித்திருந்த கை கண்ணுக்குத் தெரிய அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. தெரிந்த மறுநாளே அனுப்பிவிட்டார்.

அறிவழகனுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. பருப்புக் கிண்ணத்தை மட்டும் கீழே போடவில்லை. எந்தக் குழம்பில் உப்பு கூடிப் போச்சு, எந்தச் சட்டையில் மடிப்பு தப்பிப் போச்சு என்று ராத்திரியெல்லாம் யோசித்தார். காலையில் கலையரசன் அவர் தோளில் தட்டி, இனிமே நிமிர்ந்து நில்லு அறிவு என்று சொல்லிக் கைகுலுக்கினார். பெரிய வரம் கொடுத்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. உனக்கு எங்கே போக விருப்பம் என்று மட்டும் கேட்கவில்லை.

அறிவழகனை வேறொரு தளத்தில் பறவை விரட்டும் கூட்டத்தில் போட்டார்கள். விமானம் மேலே எழும்பும்போது பருந்தோ ஆள்காட்டியோ எஞ்சினுக்குள் போய்விட்டால் விமானி தப்புவது கஷ்டம். அதனால் வெடி போட்டு, சத்தம் போட்டு விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன வயதில் சோளக்கொல்லையில் கிளி விரட்டியவர், ஐந்தாறு மாநிலம் தாண்டி வந்து காக்கா விரட்டினார். வேலை என்னவோ பிடித்திருந்தது. விமானம் கிளம்பும்போது அந்தக் காற்று நெஞ்சில் வந்து மோதும். ஆனால் இதையும் ஊரில் சொல்ல முடியாதே. அந்தக் கடைசி வருஷங்களிலும் அவர் எஞ்சின் பக்கமே இருந்தார்.

ஓய்வு பெற்று வந்து சிமெண்டு ஆலை ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆனார். வீட்டில் அவர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டார். கரண்டி பிடிக்கத் தெரியாது, இஸ்திரிப் பெட்டியின் சூடு தெரியாது, பட்டன் தைக்கத் தெரியாது என்று இருந்தார். எல்லாம் வேண்டுமென்றே. ஒரு சட்டையை அவர் தேய்க்கிற தேய்ப்பைப் பார்த்தால் பார்த்தவனுக்கு உடனே விளங்கிவிடும். சுமதி காய்ச்சலில் படுத்தால் டவுனுக்குப் போய்ப் பரோட்டா வாங்கி வந்தாரே தவிர அடுப்பங்கரைக்குள் கால் வைக்கவில்லை. அவளுக்குக் கோபம் வரும். இந்த மனுசன் கை எப்படியெல்லாம் வேலை செய்யும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்படிக் காப்பாற்றிய பொய்தான் மண்டபத்து வாசலில் மாடி உயரத்துக்கு நின்றது.

அறிவழகன் சும்மா இருக்கவில்லை. இளையபெருமாளைத் தேடிப் பிடித்து, பதவி இல்லாதவர் அந்த உடுப்பில் இருப்பது குற்றம், பேனரைக் கழற்றிவிடலாம் என்றார். உங்க தன்னடக்கம் எங்களுக்குத் தெரியாதா என்று அவர் முதுகில் தட்டினார். அறிவழகன் பேனர் கட்டியவர்களைத் தேடினார், அவர்கள் வேறு மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஏர் மார்ஷலுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லலாம் என்றால் நம்பர் இல்லை. அவர் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. செட்டிகுளம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான், போகத் துணிவில்லை.

"கல்யாணம் நின்னு போயிடுமா?" என்று சுமதி காதோரம் கேட்டாள்.

மகள் உள்ளே அலங்காரத்தில் இருந்தாள். எம்.எஸ்சி. படித்து, பெரம்பலூரில் வேலைக்குப் போகிற பெண். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பெண். எங்கப்பா ஏர்போர்ஸ் என்று எல்.கே.ஜி.யிலிருந்து சொல்லி வளர்ந்தவள். அவள் முன்னால், இத்தனை சனங்கள் முன்னால், இவன் பொய்க்காரன் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்?

பத்து மணி அடிப்பதற்கு முன்னாலேயே கார் வந்துவிட்டது. கலையரசன் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். வயதாகிவிட்டது, முடி முழுக்க வெளுத்துவிட்டது, முழங்கால் வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், கயிறு கட்டிய கறுப்பு ஷூ. வாசலுக்கு வந்தவர் நின்று பேனரை நிமிர்ந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அறிவழகன் தூணை ஒட்டி நின்றார்.

"இது எந்த நாட்டு யூனிஃபார்ம்ங்க?" என்று கேட்டார் கலையரசன்.

இளையபெருமாளுக்கு விளங்கவில்லை. டிசைன் செய்தவர் இணையத்தில் தேடி, அழகாக இருக்கிற ஒரு விமானி உடம்பை எடுத்து ஒட்டிவிட்டார். அது இந்திய விமானப்படை உடுப்பே இல்லை. கலையரசன் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், கூட நின்றவர்களும் சிரித்தார்கள். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அறிவழகனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. இப்படியே மேடைக்குப் போய், ஆசீர்வாதம் பண்ணி, சாப்பிட்டுக் கிளம்பிவிட்டால் போதும் என்று முருகனை வேண்டிக்கொண்டார்.

மேடையில் விளக்கு ஏற்ற வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். செருப்பு விடுகிற இடத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. கலையரசன் அதில் உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். முழங்கால் மடங்கவில்லை. முகத்தைச் சுளித்தார்.

அடுத்து நடந்தது அறிவழகன் செய்ததில்லை, அவர் உடம்பு செய்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஒரு காலை மடித்து உட்கார்ந்தார். கலையரசனின் குதிகாலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்தார். கயிற்றின் ஒரு நுனியை இழுத்தார், முடிச்சு தானாக அவிழ்ந்தது. குதிகாலில் விரல் கொடுத்து ஷூவை உருவி, காலுறையையும் கழற்றித் தட்டி மடித்து அதற்குள் வைத்து, அடுத்த காலுக்குக் கை நீட்டினார். எல்லாம் மூச்சு விடுகிற நேரத்தில். பட்டு வேட்டி, புதுச் சட்டை, நெற்றி நிறையச் சந்தனத்தோடு பெண்ணின் தகப்பன், அத்தனை பேர் பார்க்க, தரையில்.

"அறிவு, எழுந்திரு," என்றார் கலையரசன் சட்டென்று. பழைய குரல்.

அறிவழகன் எழுந்து விறைப்பாக நின்றார். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நாதஸ்வர கேசட் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ நிறுத்தினார்கள். சத்தம் கேட்டு அலங்காரம் முடிந்தும் முடியாமலும் நர்மதா உள்ளறை வாசலுக்கு வந்து நின்றாள்.

இளையபெருமாள் மெதுவாக முன்னால் வந்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சம்பந்தி உங்ககிட்ட என்ன வேலை பாத்தாரு?"

அறிவழகன் கலையரசனைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. ஆனால் கேட்கப்பட்டவர் யார்? உண்மையைச் சொல்ல வைக்கவே ஆயுசைச் செலவழித்தவர்.

"என் வூட்டுல வேலை பாத்தாருங்க," என்றார் கலையரசன். "சமைச்சாரு. துணி தேச்சாரு. இதே ஷூவை அவுத்து மாட்டுனாரு. ஏர்போர்சுக்கு வேலை செய்ய வந்தவரை நான் என் வூட்டுக்கு வேலை செய்ய வெச்சுக்கிட்டேன். அது தப்புன்னே ரொம்ப வருஷம் எனக்குத் தோணல. தோணுனதும் நிறுத்திட்டேன். எல்லாரையும் நிறுத்த வெச்சேன்."

ஓய்வு பெற்றபின் கல்லூரிகளுக்குப் போய்ப் பேசிப் பேசி அவருக்கு இது பழக்கமான பேச்சு. அறிவழகனின் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், அவரைத் தூக்கிவிட வேண்டும் என்றே மேலும் சொன்னார்.

"இவர் இல்லேன்னா என் குடும்பமே இல்லைங்க. நான் எல்லையில கெடந்தப்ப என் பொண்ணு கீதாஞ்சலியை வளத்ததே இவர்தான். காய்ச்சல்னா பக்கத்துலேயே ஒக்காந்திருப்பாரு. தெனம் ரெட்டைச் சடை பின்னி ஸ்கூல் பஸ்ல ஏத்தி விடுவாரு. அவ அம்மா பின்னுனாக்கூட அவளுக்குப் புடிக்காது. அறிவு அங்கிள்தான் பின்னணும்பா."

கூட்டத்தில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அறிவழகன் தலையைக் குனிந்துகொண்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றதும் வாய் தானாகப் பேசியது.

"கடைசி கொஞ்ச வருஷம் பிளேன் கிட்ட போனேங்க. அதுவும் காக்கா வெரட்ட," என்றார் இளையபெருமாளிடம். "எஞ்சினைத் தொட்டதில்ல. மன்னிச்சுக்குங்க."

இளையபெருமாளின் முகம் சிவந்தது. பேனரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகன் சின்னதாகத் தலையாட்டினான். கடைத்தெரு முழுக்கத் தான் பேசிய பேச்சையெல்லாம் மனிதர் அந்த நிமிஷத்தில் விழுங்கினார். விழுங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் சம்பந்தி," என்றார். "என் பையன் உங்க பொண்ணைத்தான் கட்டுறான், பிளேனைக் கட்டல. அந்தப் பேனரை இறக்குங்கப்பா. நல்ல நேரம் போவுது."

அவ்வளவுதான். அறிவழகனால் நம்ப முடியவில்லை. எதற்குப் பயந்து ஆயுசு முழுக்க நாக்கைக் கட்டி, கையைக் கட்டி வாழ்ந்தாரோ, அது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. கூட்டம் கலைந்து நாற்காலிகளுக்குத் திரும்பியது. சுமதி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது, சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்போடு மகளைத் தேடினார்.

நர்மதா அவர் எதிரில்தான் நின்றிருந்தாள்.

"எது வரைக்கும்ப்பா பின்னி விட்டீங்க?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"அந்த அக்காவுக்கு."

"பத்தாவது வரைக்கும்," என்றார். பயம் தெளிந்த மனிதர் அல்லவா, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "ஒரு முடி பிசிறாது. அந்த ஸ்கூல்லயே அதுமாதிரி சடை யாருக்கும் கெடையாது."

"எனக்கு?"

அறிவழகன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஏதாவது ஒரு நாள் இருக்கும் என்றுதான் தேடினார். லீவில் வந்த நாட்களைத் தேடினார். விருந்தாளி போல வந்து போன நாட்கள், அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்த நாட்கள். ஓய்வு பெற்று வந்தபோது அவள் ஆறாவது படித்தாள். அதன்பிறகு எத்தனை காலைகள் ஒரே வீட்டில். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"அம்மாவுக்குக் கை ஒடஞ்சு கட்டுப் போட்டிருந்தாங்களே, அப்ப நான் தெனம் பக்கத்து வூட்டு அக்காகிட்ட போயி பின்னிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேன்," என்றாள் நர்மதா. குரல் உயரவில்லை. "ஒரு நாள் அவங்க ஊர்ல இல்ல. ஒருபக்கமா முடிஞ்சுக்கிட்டுப் போயி கிளாசுல வெளிய நின்னேன். நீங்க நாற்காலில ஒக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. ஒங்களுக்குத் தெரியாதுன்னுதான்ப்பா நெனச்சேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தோளில் கிடந்த சடையைப் பின்னால் தள்ளிவிட்டு மேடையைப் பார்த்துப் போனாள். சுமதி அவரைப் பார்க்காமல் அவள் பின்னாலேயே போனாள்.

கலையரசன் ஒரு காலில் ஷூவோடும் மறு கால் வெறுங்காலாகவும் அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனையோ சபையில் எழுந்து பதில் சொன்ன மனிதர், பேயறைந்தவர் போல இருந்தார். தன் மகளுக்கு இவன் சடை பின்னிய அத்தனை வருஷத்தில், இவன் மகளுக்கு யார் பின்னுகிறார்கள் என்று அவர் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. இப்போது நினைத்தது அவர் முகத்தில் தெரிந்தது. "அறிவு," என்று கூப்பிட்டார். அறிவழகன் காதில் அது விழவில்லை.

மேடையில் பாய் விரித்து இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லக்கினப் பத்திரிகை வாசித்தார்கள். விக்கிரமங்கலம் அறிவழகனின் மகள் என்று பேர் சொல்லி வாசித்தது மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. தட்டு மாற்றும் நேரம் வந்தது. இளையபெருமாள் தேங்காய் பழத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எதிர்ப் பக்கம் இடம் காலியாக இருந்தது.

"பொண்ணோட அப்பா எங்கப்பா? வந்து தட்டை வாங்கச் சொல்லுங்க," என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செருப்பு விடுகிற இடத்தில் நின்ற அறிவழகனும் திரும்பி, பெண்ணின் அப்பா எங்கே என்று தேடினார். வாசல் பக்கம் பார்த்தார், பந்தி பக்கம் பார்த்தார்.

மேடையிலிருந்து நர்மதா சொன்னாள்.

"உங்களைத்தாம்ப்பா கூப்புடறாங்க."